செண்பகத்துக்கு நேரே புள்ளிக்கோடு

கட்டின புருஷன் வேறொரு பெண்ணின் நடையையும் குரலையும் நாற்பத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புகழ்ந்தால் எந்தப் பெண்சாதி பொறுத்துக்கொள்வாள்? இராஜேஸ்வரி டீச்சர் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டதோடு நிற்காமல், இன்னொரு இடியப்பத்தைப் புருஷனின் தட்டில் போட்டு, "பிறகு?" என்று கதையை வளர்த்தும் விட்டார். காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சுந்தரலிங்கம் புகழ்ந்த அந்தப் பெண் இராஜேஸ்வரி டீச்சரேதான். அது சுந்தரலிங்கத்துக்குத்தான் தெரியாது.

அதெப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பவர்களுக்கு அந்த மனிதரோடு பழக்கமில்லை என்று அர்த்தம். பிலிமத்தலாவையில் இருக்கும் வீட்டின் முன்னறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டு எட்டு மாதம் கழித்து, "இது எப்ப வாங்கினது?" என்று கேட்டவர் அவர். அரசாங்கக் கந்தோரில் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணெதிரே நிற்கும் ஆளைவிட ஆளைப் பற்றிய தாளைத்தான் அவர் கவனமாகப் பார்ப்பார்.

விஷயம் நடந்தது 1980ஆம் ஆண்டு. கண்டி நகரில் ஒரு மண்டபத்தில் வாவிக்கரைக் கலை வட்டம் 'மூன்றாம் படலை' என்ற நாடகத்தை மேடையேற்றியது. அதில் கதாநாயகி செண்பகம். நடித்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது இராஜேஸ்வரி. ஊர் சாவகச்சேரி, தகப்பன் கனகரத்தினம் தபாலதிபர். மகள் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு மேடையில் நின்று வசனம் பேசினாள் என்று கேள்விப்பட்டிருந்தால் அடுத்த ரயிலில் வந்து, படிப்பும் வேண்டாம் பட்டமும் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு போயிருப்பார். அந்தக் காலத்தில் மேடையேறிய முக்கால்வாசிப் பெண்களுக்கு வீட்டில் ஒரு கனகரத்தினம் இருந்தார். அதனால் கலை வட்டத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேரே ஒரு புள்ளிக்கோடு ஓடும். கோட்டின் முடிவில் நடித்தவரின் பெயர் இருக்கும். பெண் பாத்திரம் என்றால் புள்ளிக்கோடு ஓடித் தாளின் விளிம்பில் நின்றுவிடும். பெயர் இராது. பார்க்கிறவர்களும் கேட்கமாட்டார்கள். அது மரியாதை என்று எல்லோரும் சேர்ந்து நினைத்துக்கொண்டார்கள்.

நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் இராஜேஸ்வரி ஒரு காரியம் செய்தார். திரை இழுத்துக்கொண்டிருந்த மஹய்யாவைப் பக்கத்துப் பழனியாண்டியிடம் போய், ஆர் கேட்டாலும் என்னுடைய பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த மனிதரும் கயிற்றைப் பிடித்த கையாலேயே சத்தியம் செய்து கொடுத்தார்.

கடைசி வரிசையில் இருந்து அந்த நாடகத்தைப் பார்த்தவர்களில் ஒருவர், கண்டிக்கு அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த சுந்தரலிங்கம். இரண்டு வருஷம் கழித்துச் சாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி, இருவருக்கும் கலியாணம் நடந்தது. மூன்றாம் வாரம், சொதிச் சோற்றைப் பிசைந்துகொண்டே மாப்பிள்ளை செண்பகத்தின் கதையை எடுத்தார். அவள் நடந்த நடை, அவள் வேலிப் படலையைச் சாத்திய விதம், கடைசியில் தமையனைப் பார்த்துப் பேசிய வசனம். அது நான்தான் என்று சொல்லப் புதுப்பெண் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சுந்தரலிங்கம், "உமக்கு உதுகள் விளங்காது. நாடகம் எண்டா ஒரு ரசனை வேணும்" என்றார்.

திறந்த வாயை இராஜேஸ்வரி மூடிக்கொண்டார். முதல் ஐந்து வருஷம் கோபத்தில் மூடியிருந்தார். அதற்குப் பிறகு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. "அவள் பேசினாப்போல ஒருத்தியும் பேச ஏலாது" என்று புருஷன் உருகும்போது, அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வருவார். சிரித்து முடிந்ததும் சில நாட்களில் கண் கலங்கும். ஒரு தரம், ஒரேயொரு தரம், அந்தப் பெயர் இராஜேஸ்வரி என்று யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. தானே போய்ச் சொல்வதற்கு மானம் விடவில்லை.

இப்படியே போயிருக்கும். ஓய்வு பெற்ற சுந்தரலிங்கம் கலை வட்டத்தின் தலைவராகாமல் இருந்திருந்தால்.

தலைவரானதும் அவர் செய்த முதல் வேலை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் புடவைக் கடை மேல்மாடியில் இருந்த கலை வட்டத்து அறையைத் திறந்து, ஐம்பது வருஷத்துச் சாமான்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றத் தீர்மானித்தது. இரண்டு அலுமாரி, பதினாலு காட்போட் பெட்டி. புகைப்படம், நிகழ்ச்சித் தாள், பாட்டுக் கெசட், கூட்ட அறிக்கை, கடிதம், யாரோ எதற்கோ ஒட்டி வைத்த பஸ் டிக்கெட் ஒன்றுகூட. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்தக் குவியலை ஒழுங்குபடுத்த, திகனயிலிருந்து ஜஹானா என்ற பெண்பிள்ளையை மூன்று மாத வேலைக்கு எடுத்தார். ஊருக்குச் சொன்ன காரணம், வரலாற்றைக் காப்பாற்றுவது. உண்மைக் காரணம் இராஜேஸ்வரி டீச்சருக்குத் தெரியும். செண்பகத்தின் பெயர் அந்தப் பெட்டிகளில் எங்கேயாவது இருக்கும் என்று மனுஷன் நம்பினார். அதற்காகக் கண்டியில் பழைய ஆட்கள் ஒருவரை விடாமல் விசாரித்தும் ஒருவருக்கும் அந்தப் பெயர் நினைவில்லை, பேராதனைக்குப் போய்க் கேட்டிருந்தார், கொழும்புக்குக் கடிதமும் போட்டிருந்தார். பழனியாண்டியிடமும் கேட்டார். அந்தக் கிழவர், "தெரியாதுங்க" என்று கையை விரித்துவிட்டார்.

போதாக்குறைக்கு, பிலிமத்தலாவைப் பித்தளைக் கடையொன்றில் சொல்லி ஒரு கேடயமும் செய்வித்து வந்தார். 'கலைச்செல்வி விருது, மூன்றாம் படலை, செண்பகம்' என்று பொறித்து, கீழே பெயருக்கு இடம் விட்டிருந்தது. பெயர் கிடைத்ததும் பொறிக்கலாம் என்று அதைக் கொண்டுவந்து முன்னறை மேசையில் வைத்தார். தனக்குக் கிடைத்த விருதைத் தானே இரண்டு நாளைக்கு ஒருமுறை தூசி தட்டி வைக்கும் பாக்கியம் டீச்சருக்கு வாய்த்தது.

ஒருநாள் மத்தியானம், பேக்கரியில் கிம்புலா பணிஸ் நாலு வாங்கிக்கொண்டு டீச்சர் அந்த மேல்மாடி அறைக்குப் போனார். சுந்தரலிங்கம் வங்கிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சர் போனதே.

"பிள்ளை, வேலை எப்பிடிப் போகுது?"

"போகுது டீச்சர். வெறுமைதான் கரச்சல்" என்றாள் ஜஹானா. "மொத்தம் மூவாயிரத்து நூத்திப் பதினாறு சாமான் ஈக்குது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல பேர் போடுற கட்டம் வெறுமை."

"அவ்வளவும் தெரியாத ஆக்களே?"

"அங்கதான் டீச்சர் எல்லாரும் பிழ விடுற. வெறுமை எல்லாம் ஒரே வெறுமை இல்ல. இந்தப் படத்தப் பாருங்க, இவர் ஆர் என்டு ஒருத்தருக்கும் தெரியா. இது ஒரு சாதி. இந்தக் கெசட்டில பாடுற ஆளுட பேர் எழுதித்தான் ஈந்திருக்கு, தண்ணி பட்டு அழிஞ்சி போச்சி. இது இன்னொரு சாதி. இந்தப் படத்தில வெறும் மேசையும் ஒரு நாயும். இதுக்குப் பேரே தேவயில்ல. கம்ப்யூட்டருக்கு மூணும் ஒண்டு. நாமதான் பிரிச்சிக் குடுக்கோணும்."

டீச்சர் மெதுவாக ஒரு தாளை விரலால் முன்னுக்குத் தள்ளினார். 'மூன்றாம் படலை' நிகழ்ச்சித் தாள். முதலாவது பெட்டியிலேயே அது மேலாக இருந்ததை அவர் வந்ததும் கண்டிருந்தார்.

"அப்ப இது?"

ஜஹானா குனிந்து பார்த்தாள். "இது நாலாவது சாதி. பேர் துலஞ்சி போகல்ல டீச்சர். தெரிஞ்சிதான் விட்டீக்காங்க. பாருங்க, புள்ளியெல்லாம் அச்சில கோத்து வெச்சீக்கு. ஆள் இல்லாட்டி புள்ளி எதுக்கு? ஆரோ ஒரு பொம்புள நடிச்சீக்காங்க. அவங்கட இடத்த வெச்சிட்டுப் பேர மட்டும் எடுத்திட்டாங்க."

"அதை எப்பிடிப் பதியப் போறீர்?"

"மறைக்கப்பட்டது என்டு. சும்மா வெறுமையா உடமாட்டன், என்ட வாய்க்கு வந்த பேரும் போடமாட்டன். தெரிஞ்ச ஆள் ஆராவது வந்து சொன்னா மாத்துவன்."

டீச்சருக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. நாற்பத்து நாலு வருஷத்தில் அந்தப் புள்ளிக்கோட்டைப் பார்த்து, இங்கே ஒருத்தி நின்றாள் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். தெரிஞ்ச ஆள் நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று ஒருகணம் நினைத்தார். சொல்லவில்லை. இன்னொரு பணிஸை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு இறங்கிவந்தார்.

கம்ப்யூட்டரில் ஏற்றியவற்றை வெளியிடும் விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஜஹானா தன் கணக்கெடுப்பைத் தலைவரிடம் கொடுத்தாள். சுந்தரலிங்கம் மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். கட்டம் கட்டமாக வெறுமை. முப்பத்து நாலு வருஷம், ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய மனிதர். தாய் இறந்துவிட்டதால் தாயின் தொழிலை நிரப்பாமல் விட்டு வந்த ஒருவரைக்கூட 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லி மழையில் திருப்பி அனுப்பியவர்.

"இதுகளை நிரப்பும்."

"எத வெச்சி நிரப்புற சேர்? ஒவ்வொரு வெறுமைக்கும் ஒவ்வொரு காரணம் ஈக்குது. நான் நாலு நிறத்தில பிரிச்சீக்கன்."

"நிறமெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டர் தானே நிரப்பும் எண்டு என்ர மருமகன் சொன்னவன்."

"ஒரு வழி ஈக்குது சேர். ஆகக் கூட வந்த பேர எடுத்து வெறுமையில எல்லாம் போடுற. ஆனா மனுசர்ட பேருக்கு அது கொஞ்சமும் சரி வராது..."

சுந்தரலிங்கம் 'ஒரு வழி ஈக்குது' வரைக்கும்தான் கேட்டார். "அதைச் செய்யும். விழாவண்டைக்கு ஒரு கட்டமும் வெறுமையா இருக்கக் கூடாது. செண்பகத்தின்ர பேர் வந்தா எனக்கு முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். மேடையில வச்சு எல்லாருக்கும் முன்னால நானே பார்ப்பன்."

நிரப்பிய பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் ஒன்று போட்டு, இது இயந்திரம் நிரப்பியது என்று காட்டட்டுமா என்று ஜஹானா கேட்டாள். பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும் என்று தலைவர் அதையும் எடுக்கச் சொன்னார். ஜஹானா, பழைய வெறுமைகள் அத்தனையையும் வேறோர் இடத்தில் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். வந்த சிரிப்பை அவள் எப்படி அடக்கினாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

ஏனென்றால் அந்தக் குவியலில் ஆகக் கூடுதலாக வந்த பெயர் ஒரு தலைவருடையதும் இல்லை, ஒரு கவிஞருடையதும் இல்லை. கலை வட்டத்துச் செயலாளர்களுக்கு வழிவழியாக ஒரு பழக்கம்: எந்தக் கூட்ட அறிக்கையானாலும், எந்த நிகழ்ச்சித் தாளானாலும், கடைசி வரியில் 'திரை இழுத்தும் கதிரை அடுக்கியும் உதவிய பழனியாண்டிக்கு நன்றி' என்று எழுதி முடிப்பார்கள். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். பழனியாண்டி எல்லாத் தாளிலும் இருந்தார்.

அடுத்த நாள் ஜஹானா டீச்சருக்கு டெலிபோன் எடுத்து, நேரமிருந்தால் ஒருக்கா வரச் சொன்னாள். டீச்சர் வந்ததும் கதிரையைத் திருப்பிப் போட்டுத் திரையைக் காட்டினாள். 1976, செயலாளர் வீட்டுக் கலியாணம், மணப்பெண்: பழனியாண்டி. வீணைக் கச்சேரி: பழனியாண்டி. மகளிர் வலைப்பந்து அணித் தலைவி: பழனியாண்டி. சிறந்த தாய்க்கான பரிசு: பழனியாண்டி. மேசையோடு நிற்கும் நாய்: பழனியாண்டி.

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் கொட்டியது. "ஐயோ பிள்ளை, நிப்பாட்டும். எனக்கு வயிறு நோகுது." ஜஹானா இன்னும் ஒன்றைத் தட்டினாள்.

'மூன்றாம் படலை'. செண்பகம்: பழனியாண்டி.

சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்தார். பெயரில்லாமல் இருந்தபோது அது அவருடைய இடம். யாரும் இல்லாவிட்டாலும் அவருக்கென்று ஒழிந்து கிடந்த கதிரை. இப்போது அதில் ஆளொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. பழனியாண்டி நல்ல மனுஷன்தான். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

ஜஹானா அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இந்தப் பேர் உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்ச ஆள் சொன்னா இப்பவே மாத்துவன்."

"எனக்கெங்க தெரியும்?" என்றார் டீச்சர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பித்தவருக்கு அந்தப் பொய் தடங்கலில்லாமல் வந்தது.

விழா ஒரு போயா விடுமுறை நாள் காலையில் நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய ஆட்கள் தடியோடும் வந்தார்கள், பேரப்பிள்ளைகளோடும் வந்தார்கள். முன்வரிசையில் டீச்சர். மேடையில் பெரிய வெள்ளைத் திரை, பக்கத்தில் லெப்டொப்போடு ஜஹானா. இன்னொரு பக்கம் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, என்னத்துக்காகக் கூப்பிட்டார்கள் என்று விளங்காமல் பழனியாண்டி.

சுந்தரலிங்கம் மைக்கைப் பிடித்தார். "எங்கட களஞ்சியத்தில ஒரு கட்டமும் வெறுமை இல்லை!" என்று அறிவித்தார். கைதட்டினார்கள். "அதோட, இந்த ஐம்பது வருசத்தில கலை வட்டத்துக்கு ஆகக் கூடச் சேவை செய்தவர் ஆர் எண்டு கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லியிருக்கு. ஆயிரக்கணக்கான இடத்தில அவற்ர பேர் வருகுது. திருவாளர் பழனியாண்டி!" கிழவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கிழவர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி," என்றார் சுந்தரலிங்கம். "நான் நாப்பத்து நாலு வருசமாத் தேடின ஒரு பேர். மூன்றாம் படலை. செண்பகம்." அந்த வசனத்தில் தனக்கு நினைவிருந்த பாதியைச் சொன்னார். "'அண்ணா, இந்தப் படலை உள்ளுக்கிருந்துதான் பூட்டுறது...' பிறகு என்னவோ வரும், எனக்கு மறந்துபோச்சு. அந்தக் கலைச்செல்விக்கு இண்டைக்கு இந்தக் கேடயத்தைக் குடுக்கப் போறன். பிள்ளை, தட்டும்!"

ஜஹானா டீச்சரை ஒருதரம் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

பழனியாண்டி.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். சுந்தரலிங்கம் திரையைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், மீண்டும் திரையைப் பார்த்தார். அவருடைய காது சிவந்துகொண்டே போனது. மைக்கைக் கிழவரின் வாயருகே நீட்டி, "ஐயா, இது உண்மையோ?" என்று கேட்டார்.

பழனியாண்டி முன்வரிசையைப் பார்த்தார். டீச்சர் அங்கே இரண்டு கையாலும் கைப்பையைப் பிசைந்துகொண்டு, உதடு துடிக்க உட்கார்ந்திருந்தார். கிழவர் அதைத் தன்னிடம் கெஞ்சுவதாக எடுத்துக்கொண்டார். திரைக்கயிற்றைப் பிடித்துச் செய்த சத்தியம் அவருக்கு மறக்கவில்லை. தெரியாது என்று சொன்னால் இந்தத் தலைவர் விடப்போவதில்லை என்பதும் அவருக்கு விளங்கியது. தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க" என்றார். "நாந்தாங்க நடிச்சேன்."

"நீங்களோ?"

"அன்னைக்கு நடிக்க வேண்டிய புள்ளைக்கு காய்ச்சலுங்க. நாடகம் நின்னுருமேன்னு நானே சேலையக் கட்டிக்கிட்டு ஏறிட்டேங்க. அப்ப மீச வேற இருந்துச்சி. எடுத்துட்டேன்."

மண்டபம் குலுங்கியது. அந்த மனிதர் தனக்காகத்தான் இந்த வயதில், இத்தனை பேருக்கு முன்னால், கூசாமல் பொய் சொல்கிறார் என்று டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. நன்றியும் வந்தது, அழுகையும் வந்தது. பரவாயில்லை, இதோடு முடியட்டும், கேடயத்தை அவரே கொண்டுபோகட்டும் என்றுகூட மனம் வந்துவிட்டது. நாற்பத்து நாலு வருஷம் பொறுத்ததற்கு இன்னும் பத்து நிமிஷம் பெரிதா?

சுந்தரலிங்கம் சும்மா இருந்திருந்தால் அப்படியே முடிந்திருக்கும். ஆனால் அவமானம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. தான் ஏமாறவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. மைக்கில் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"இப்பத்தான் எனக்கு விளங்குது" என்றார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு பொம்பிளைப் பிள்ளை அப்பிடி நடிச்சிருக்க ஏலாது!"

கேடயத்தைத் தூக்கிப் பழனியாண்டியிடம் நீட்டினார்.

"வையுங்கோ அதை!"

அந்தக் குரல் மைக்கில்லாமலே மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போனது. இராஜேஸ்வரி டீச்சர் எழுந்து நின்றிருந்தார். கைப்பை கீழே விழுந்து கிடந்தது, அவர் அதைப் பார்க்கவும் இல்லை. படியேறி மேடைக்கு வந்தார். சுந்தரலிங்கம், "இஞ்சேரும், என்ன இது..." என்றார். டீச்சர் சபையின் பக்கம் திரும்பினார். தோளை நிமிர்த்தினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலையை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினார்.

"அண்ணா, இந்தப் படலை உள்ளுக்கிருந்துதான் பூட்டுறது. திறப்பு என்ர இடுப்பில இருக்கு. வெளியில நிக்கிற நீங்கள் ஒருத்தரும் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம். தட்டித் தட்டிக் கை நோகுமெண்டா, வீட்டை போய் எண்ணெய் பூசுங்கோ!"

அறுபத்தாறு வயதுக் குரல்தான், கொஞ்சம் கரகரப்பாகவும் இருந்தது. ஆனால் அந்தக் குரல்தான். முதலில் கைதட்டியது பழனியாண்டி. பொன்னாடை மடியிலிருந்து சரிய, எழுந்து நின்று கைதட்டினார். "நான் சொல்லலீங்க டீச்சரம்மா, நீங்களாத்தான் சொல்லிட்டீங்க" என்று அவர் சொன்னது அந்த ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சுந்தரலிங்கம் கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். வாய் திறந்திருந்தது, மூட மறந்துவிட்டார். கைதட்டல் ஓய வெகுநேரம் எடுத்தது.

"நாப்பத்திரண்டு வருசம்" என்றார். மைக் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "நாப்பத்திரண்டு வருசமா என்னைப் பேய்க்காட்டியிருக்கிறீர். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை" என்றார் டீச்சர். கோபம் இன்னும் ஆறவில்லை. கண் நிறைந்திருந்தது. "கண்டி முழுக்கக் கேட்டனீங்கள். பேராதனைக்குப் போய்க் கேட்டனீங்கள். கொழும்புக்குக் கடிதம் போட்டுக் கேட்டனீங்கள். பெட்டியைக் கேட்டனீங்கள், கம்ப்யூட்டரைக் கேட்டனீங்கள். என்னைச் சோறு போடச் சொல்லிப்போட்டு எனக்கு முன்னாலயே இருந்து அவளைப் பற்றிக் கதைச்சனீங்கள். ஒருநாள், ஒரேயொரு நாள், உமக்குத் தெரியுமோ எண்டு என்னட்டைக் கேட்டனீங்களே?"

சுந்தரலிங்கம் நாற்பத்திரண்டு வருஷத்தை உள்ளுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். எல்லாப் பக்கமும் அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். மைக்கை மேசையில் வைத்தார்.

ஜஹானா பழனியாண்டியின் பெயரை அழித்துவிட்டாள். திரையில் வெறுமைக் கட்டம் துடித்துக்கொண்டிருந்தது. "தெரிஞ்ச ஆள் வந்திட்டாங்க" என்று சிரித்தாள். "எப்பிடிப் போடுற டீச்சர்? திருமதி இராஜேஸ்வரி சுந்தரலிங்கம் என்டா?"

டீச்சர் புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்டைக்கு எனக்குக் கலியாணம் ஆகேல்லை, பிள்ளை. இவர் அண்டைக்கு டிக்கெட் எடுத்து வந்து பார்த்த ஒரு ஆள். செல்வி கனகரத்தினம் இராஜேஸ்வரி எண்டு போடும்."

ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ஏறியது. தகப்பனின் பெயரும் மகளின் பெயரும் அடுத்தடுத்து, ஒரு புள்ளிக்கோடும் இல்லாமல். டீச்சர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சபை மெல்ல எழுந்து பிளேன்டீ கொடுக்கும் பக்கம் நகரத் தொடங்கியது. பழனியாண்டி, யாரும் சொல்லாமலே, ஒழிந்த கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

சுந்தரலிங்கம் கிட்ட வந்தார். கேடயத்தை மனைவியின் கையில் கொடுத்தார். வெட்கப்பட்ட குரலில் கேட்டார்.

"வேற ஏதும்... நடிச்சனீரோ?"

"நாலு" என்றார் டீச்சர்.

இதை அவர் நமக்குக்கூட இதுவரை சொல்லவில்லை. சுந்தரலிங்கம் சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்தார், ஜஹானாவிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினார், பழனியாண்டி அடுக்கிய கதிரைகளில் இரண்டை இறக்கி எதிரெதிராகப் போட்டார். ஒன்றில் மனைவியை இருக்கச் சொல்லிவிட்டு மற்றதில் தானும் உட்கார்ந்தார்.

"சொல்லும்" என்றார். "முதலாவது?"